எதிலே இருபது வீதம்?

(தோப்பூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

இந்த அவையில் பேசும் தலைப்பை ஏற்பாட்டாளர்கள் என் விருப்பத்துக்கே விட்டார்கள். கொட்டியாரக் குடாவின் வரலாறு பேசலாம், இலக்கியம் பேசலாம். நான் விலைக்கழிவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெருநாள் காலத்திலும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்திலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலையிலும் கடை வாசல்களில் தொங்குகிறதே, '20 வீதம் கழிவு', '50 வீதம் கழிவு' என்று, அந்தப் பலகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை வாசித்ததும், காசு எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்று நின்ற இடத்திலேயே ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். அதற்கு நாம் எப்படிக் கற்பிக்க வேண்டும்? இதுதான் என் பொருள்.

ஒரு சொற்பொழிவுக்கு இது போதுமான பொருளா என்று கேட்பீர்கள். நெல்லை விற்கப் போனால் வீதம். கடன் எடுக்கப் போனால் வீதம். மின்கட்டணம் ஏறினாலும் வீதம், இறங்கினாலும் வீதம். கடைப் பில்லில் வரி வீதம். ஆண்டு நிறைந்தால் ஸக்காத்தும் வீதம். இத்தனை வாசல்களிலும் நம் பிள்ளை நிற்கப்போகிறான், நம் பிள்ளை நிற்கப்போகிறாள். அந்த வாசல்களில் எத்தனை பேர் கணக்குத் தெரிந்து நிற்கிறோம்? எத்தனை பேர் எதிரே இருப்பவர் தட்டிக் காட்டும் கல்குலேட்டரை நம்பி நிற்கிறோம்?

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் இல்லாமல் இல்லை. குறித்த விலை, கழிவு, விற்ற விலை, இலாபம், நட்டம், தரகு எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. பிள்ளைகள் செய்கிறார்கள், சரியும் வாங்குகிறார்கள். அதே பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய், "மகன், இந்தச் சாறனுக்கு எவ்வளவு குடுக்க வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். தயங்குகிறான். ஏன்? வகுப்பறைக் கணக்கு, "ஒரு பொருளின் குறித்த விலை 2400 ரூபாய், கழிவு 15 வீதம்" என்று முதல் வரியிலேயே அடிப்படையைக் கையில் கொடுத்துவிடுகிறது. அதன்பிறகு அவன் செய்வது நூறால் வகுப்பதும் பதினைந்தால் பெருக்குவதும்தான். தெருவிலே அந்த முதல் வரியை யாரும் சொல்லித் தருவதில்லை. எதிலே 15 வீதம் என்று கண்டுபிடிப்பதுதான் தெருவிலே கணக்கு!

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, முதலில் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள். "எதிலே?" இருபது வீதம் என்று யார் சொன்னாலும், பிள்ளையின் வாயிலிருந்து உடனே வர வேண்டிய சொல் இதுதான். எதிலே இருபது வீதம்? நேற்றைய விலையிலா? இன்று ஒட்டிய விலையிலா? கழித்த பிறகு மிஞ்சியதிலா?

ஒரு சட்டை 1000 ரூபாய். பெருநாளுக்கு முன்பு அதன் விலை 25 வீதத்தால் ஏறுகிறது: 1250. பெருநாளுக்கு '20 வீதம் கழிவு' என்று பலகை தொங்குகிறது. 1250இல் 20 வீதம் 250. பழையபடி 1000! எதுவும் குறையவில்லை. 25 ஏறி 20 இறங்கினால் 5 வீதம் கூடித்தானே இருக்க வேண்டும் என்று பிள்ளை திகைக்கும். அந்தத் திகைப்பை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். ஏறியது ஆயிரத்தில், இறங்கியது ஆயிரத்து இருநூற்றைம்பதில். இதைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும் வரை விடுங்கள். அன்று கண்டுகொண்டது பிறகு மறக்காது.

இன்னொரு பலகை: '50 வீதம் கழிவு, அதற்கு மேல் இன்னும் 20 வீதம்.' எழுபது வீதம் என்று மனம் கூட்டிவிடுகிறது. ஆயிரம் ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகிறது. அடுத்த 20 வீதம் அந்த 500இல் தான், 100 குறைகிறது. கொடுப்பது 400. மொத்தக் கழிவு 60 வீதம். இனி வரிசையை மாற்றி, முதலில் 20, பிறகு 50 என்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 400 தான் வரும். ஏன் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு பாடவேளை போனாலும் போகட்டும்.

சரி, எதிலே என்று தெரிந்துவிட்டது. அடுத்தது என்ன? கழிவைத் தேடாமல் மிச்சத்தைத் தேடப் பழக்குங்கள். 15 வீதம் கழிவு என்றால், நான் கொடுக்கப் போவது 85 வீதம். 2400 ரூபாய்ச் சாறனுக்கு 24ஐ 85ஆல் பெருக்கினால் 2040. ஒரே பெருக்கலில் விடை. கழிவைக் கண்டுபிடித்து, பிறகு கழிக்க மறந்து, 360 என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கலாம். மிச்சத்தைத் தேடப் பழகியவர்களுக்கு அந்தத் தவறு வராது.

கையில் கடதாசி இல்லையா? பத்திலே ஒன்று எடுக்கத் தெரிந்தால் போதும். 2400இல் பத்து வீதம் 240. அதில் பாதி 120. அது ஐந்து வீதம். இரண்டும் சேர்ந்தால் 360. 2400இலிருந்து 360 போனால் 2040. பத்து, அதில் பாதி ஐந்து, அதிலும் பாதி இரண்டரை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பிள்ளை எந்தக் கடைக்குள்ளும் போகலாம்.

இந்த மூன்றும் தோப்பூருக்குப் புதியவையா? யோசித்துப் பாருங்கள். ஸக்காத், மழையில் விளைந்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று. நீர் இறைத்து விளைவித்த நெல்லுக்கு இருபதில் ஒன்று. ஓராண்டு கையில் நின்ற பொன்னுக்கும் பணத்துக்கும் நாற்பதில் ஒன்று. பத்து வீதம், ஐந்து வீதம், இரண்டரை வீதம்! வரம்பிலே நின்றுகொண்டு நம் மூத்த வாப்பாமார் மனத்தால் போட்ட கணக்கு இது. அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது பேரப்பிள்ளை பயப்படுகிறான் என்றால், அவன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அறிவோடு பாடத்தை நாம் இணைக்கவில்லை என்பதுதான் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாத்தில் இருந்து அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில், பெரும் பகுதி மரணசாசனத்தையும் வாரிசுப் பங்கையும் பிரிக்கும் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. உலகம் போற்றும் அந்தக் கணித மேதை, குடும்பத்துக்குள் சொத்துப் பிரிக்கும் கணக்கைத் தன் நூலுக்குத் தகாததென்று ஒதுக்கவில்லை.

தமிழ்க் கணக்கிலும் இந்தப் பழக்கம் ஆழமானது. கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாக வெட்டிக்கொண்டே போன கணக்கு நம்முடையது. இருபதில் ஒன்றுக்கு மா என்றும் எண்பதில் ஒன்றுக்குக் காணி என்றும் பெயரிட்டு வாய்பாடு ஒப்பித்தவர்கள் நம் முன்னோர். கால் என்றால் 25 வீதம், அரைக்கால் என்றால் பன்னிரண்டரை, மா என்றால் ஐந்து. அந்த வாய்பாடு முழுவதும் மீண்டும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாதியாக்கவும் பத்தில் ஒன்று எடுக்கவும் பழகிய பிள்ளைக்கு, கல்குலேட்டர் தவறான விடையைக் காட்டினால் உடனே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வந்தால் போதும்.

இனிக் கொஞ்சம் கடினமான இடம். ஒரு பொருளை 15 வீதக் கழிவில் 1700 ரூபாய்க்கு வாங்கினேன். குறித்த விலை என்ன? பெரும்பாலான பிள்ளைகள் 1700இல் 15 வீதத்தைக் கண்டு, கூட்டி, 1955 என்பார்கள். மீண்டும் அதே கேள்வி: எதிலே 15 வீதம்? 1700இலா? இல்லை, தெரியாத அந்தப் பழைய விலையில். 1700 என்பது அதன் 85 பங்கு. ஒரு பங்கு 20 ரூபாய். நூறு பங்கு 2000.

இதைச் சொல்லிக்கொடுக்கக் கரும்பலகையில் இரண்டு கோடு போதும். மேலே ஒரு கோடு. அதன் இரு முனைகளில் 0, 100 என்று வீதம். கீழே ஒரு கோடு, அதில் ரூபாய். 85க்கு நேர் கீழே 1700ஐ எழுதுங்கள். நூறுக்கு நேர் கீழே என்ன வரும்? பிள்ளையின் கண் பதில் சொல்லிவிடும். முன்னோக்கிய கணக்கும் பின்னோக்கிய கணக்கும் இந்த இரட்டைக் கோட்டில் ஒன்றாகிவிடுகின்றன. தனித்தனிச் சூத்திரம் எதற்கு?

வரியும் இப்படித்தான். நம் நாட்டில் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 வீதமாக்கப்பட்டது. 2022இல் 12, பிறகு 15. 2024 ஜனவரி 1 முதல் 18. வரியோடு 1180 ரூபாய் என்று ஒரு பில் வந்தால், அதற்குள் வரி எவ்வளவு? 1180இல் 18 வீதம் எடுத்தால் 212 ரூபாய் 40 சதம் என்று வரும். அது பிழை. வரி 180 தான். 18 வீதம் ஆயிரத்துக்குப் போட்டது. பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன், வீட்டில் செய்து பாருங்கள்: 20 வீதக் கழிவைக் கழித்துவிட்டு 18 வீத வரியைக் கூட்டினால் வாங்குபவருக்கு நல்லதா, வரியைக் கூட்டிவிட்டுக் கழிவைக் கழித்தால் நல்லதா? ஆயிரம் ரூபாய்ப் பொருளில் தொடங்குங்கள். விடையை நான் சொல்லமாட்டேன்.

அன்பர்களே, கடையை விட்டு வயலுக்கு வருவோம். நெல் அறுத்து முடிந்ததும் வாங்க வருகிறவர் ஈரம் பார்க்கிறார். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்கிறார். நாம் தலையசைக்கிறோம். அந்தக் கழிவு நியாயமா, அநியாயமா? இந்த மண்டபத்தில் இருக்கும் பத்தாம் தரத்துப் பிள்ளையால் அதைச் சொல்ல முடியும். கேளுங்கள்.

நெல் சந்தைப்படுத்தல் சபை நெல்லை எடுக்கும்போது எதிர்பார்க்கும் ஈரப்பதம் 14 வீதம். நம் நெல்லில் 20 வீதம் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோவில் 200 கிலோ தண்ணீர், 800 கிலோ காய்ந்த பொருள். இதை 14 வீதம் வரை காயவைத்தால் எத்தனை கிலோ மிஞ்சும்? இருபதிலிருந்து பதினான்கு போனால் ஆறு, எனவே 60 கிலோ குறையும், 940 மிஞ்சும் என்று சொல்லத் தோன்றும். எதிலே 20 வீதம்? ஈர நெல்லில். எதிலே 14 வீதம்? காய்ந்த நெல்லில். அடிப்படை வேறு! வெயிலில் போகிறது தண்ணீர் மட்டும்தான். 800 கிலோ அப்படியே இருக்கிறது. அந்த 800 இப்போது 86 வீதம். அப்படியானால் நூறு வீதம் ஏறத்தாழ 930 கிலோ. குறைவது 70 கிலோ.

ஆகவே நூறு கிலோவுக்கு 7 கிலோ கழிக்கிறவர் நம்மை ஏமாற்றவில்லை. 6 கிலோதான் கழிக்க வேண்டும் என்று அவரோடு சண்டைக்குப் போனால் பிழை நம்முடையது. ஆனால் அதே ஈரத்துக்கு நூற்றுக்கு 10 கிலோ கழிக்கிறவர்? ஆயிரம் கிலோவுக்கு 30 கிலோ கூடுதலாகப் போகிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய். அந்த விலைக்கே பார்த்தால் 3600 ரூபாய். ஐயாயிரம் கிலோ விற்கிற குடும்பத்துக்கு 18,000 ரூபாய். பதர், தூசி என்று வேறு கழிவுகள் இருக்கலாம். இருந்தால் அவற்றைத் தனியாகச் சொல்லிக் கழிக்கட்டும். ஈரத்தின் பெயரால் கழிப்பதை ஈரத்தின் கணக்கில் சரிபார்க்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. இந்தக் கணக்கைப் பெரும்போக அறுவடைக்கு முன்பு தோப்பூரின் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருமுறை செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

மின்கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். 141 வீதம் ஏறியது என்று பேசிக்கொண்டோம். 100 ரூபாய் 175 ஆனது. அந்த 175இல் 66 வீதம் ஏறியபோது 290 ரூபாய் 50 சதம். ஏறியது 190 வீதத்துக்கு மேல்! பிறகு இறங்கிய கதை: 2024 மார்ச்சில் 21.9 வீதம், ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20. கூட்டினால் 64 வீதத்துக்கு மேல். உண்மையில் 100 ரூபாய் 78.10 ஆகி, 60.53 ஆகி, 48.42 ஆனது, குறைந்தது ஏறத்தாழ 51.6 வீதம். ஏறும்போது கூட்டல் நமக்குக் குறைத்துக் காட்டுகிறது. இறங்கும்போது அதே கூட்டல் மிகைத்துக் காட்டுகிறது. இரண்டு பக்கமும் நம்மைத் தவறாக வழிநடத்துகிற கூட்டலை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்?

பணவீக்கமும் இதே வகைதான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த செப்டெம்பரில் 1.3 வீதம். "பணவீக்கம் குறைந்துவிட்டதாம், சாமான் விலை மட்டும் ஏன் இறங்கவில்லை?" என்று சந்தையில் கேட்ட தாய்மாருக்கு யாராவது பொறுமையாகப் பதில் சொன்னோமா? நூறு ரூபாய்ச் சாமான் 169.80 ஆனது. அடுத்த ஆண்டு அதன் மேல் 1.3 வீதம் ஏறி ஏறத்தாழ 172 ஆனது. ஏறும் வேகம் குறைந்ததே தவிர, விலை இறங்கவில்லை.

கடனைப் பற்றி ஒரு சொல். கிழக்கு மாகாணத்துப் பெண்கள் நுண்கடனால் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரு இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 24 வீத வட்டி, பன்னிரண்டு சமமான மாதத் தவணை. மொத்தம் கட்டுவது 1,24,000. எதிலே 24 வீதம்? முதல் நாள் வாங்கிய முழு இலட்சத்தில். ஆனால் அந்த இலட்சம் ஆண்டு முழுவதும் உங்கள் கையில் இருந்ததா? மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். குறைந்து செல்லும் மீதியில் கணக்கிட்டால் அந்த வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். கையொப்பம் இடுவதற்கு முன்பு கேட்கப்படாத "எதிலே?" என்ற கேள்வி எத்தனை வீடுகளின் நகையைக் கொண்டுபோயிருக்கிறது! பண்டைய அர்த்தசாஸ்திரமே நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் நியாயமான வட்டி என்றும், வணிகருக்கு ஐந்து, காட்டுவழி செல்வோருக்குப் பத்து, கடல்வழி செல்வோருக்கு இருபது என்றும் வகுத்து எழுதியது. எதற்கு, எந்தக் காலத்துக்கு, யாருக்கு என்று சேர்த்தே சொன்னது. இன்றைய கடன் பத்திரம் அதைவிடத் தெளிவாக இருக்க வேண்டாமா?

மீண்டும் வகுப்பறைக்கு வருகிறேன். ஆசிரியர்களே, கணக்குகளைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். விலை அட்டைகளையும் பழைய பில்களையும் விளம்பரத் தாள்களையும் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். '70 வீதம் வரை கழிவு' என்று இருந்தால், 'வரை' என்பதை வட்டமிடச் சொல்லுங்கள். கடையில் ஒரே ஒரு பொருளுக்கு எழுபதும் மற்றவற்றுக்குப் பத்தும் இருந்தாலும் அந்தப் பலகை சரிதான். 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் எத்தனை வீதக் கழிவு என்று கேளுங்கள். முப்பத்துமூன்று என்று பலர் சொல்வார்கள். நான்கு பொருளுக்கு மூன்றின் விலை கொடுக்கிறோம். கழிவு 25 வீதம். அதற்குமேல் ஒரு கேள்வி இருக்கிறது: உனக்கு நான்கு வேண்டுமா? அதுவும் கணக்குத்தான். தேவையில்லாத பொருளில் கிடைத்த கழிவு, வீட்டிலிருந்து வெளியே போன காசு.

ஒரு பிள்ளை புத்தக முறையில் செய்யாமல், பத்து வீதம் எடுத்துப் பாதியாக்கி விடை கொண்டுவந்தால் பிழை போடாதீர்கள். அவளை எழுப்பி, எப்படிச் செய்தாள் என்று வகுப்புக்குச் சொல்ல வையுங்கள். அதைக் கேட்டு மற்றப் பிள்ளைகளும் படிப்பார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் அதிகம் கேளுங்கள். நாளைக்கு வீட்டின் வரவுசெலவு பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கப்போகிறது; கடன் பத்திரமும் அவர்களிடம்தான் நீட்டப்படுகிறது.

கடை நடத்துகிற சகோதரர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நேர்மையாகக் கழிவு கொடுக்கிற வியாபாரிக்குக் கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர்தான் பலம். அவர்தான் உண்மையான கழிவையும் பொய்யான கழிவையும் பிரித்தறிந்து உங்களிடம் வருவார். பழைய விலையையும் புதிய விலையையும் ஒரே அட்டையில் எழுதி வையுங்கள். மறைக்க வேண்டியது எதுவும் இல்லாதவருக்கு அது சுலபம். நுகர்வோரே, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். மக்களைப் பிழையாக வழிநடத்தக் கூடாது. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு செய்வதற்கு முதலில் பில்லை வாசிக்கத் தெரிய வேண்டும்.

தாய்மாரே, தந்தைமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த முறை உடுப்பு எடுக்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். விலை அட்டையை அவன் கையில் கொடுங்கள். காசாளர் கல்குலேட்டரைத் தட்டும் முன்பு, எவ்வளவு வரும் என்று அவன் சொல்லட்டும். பிழைத்தால் ஏசாதீர்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நெல் நிறுக்கும் நாளில் மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கொப்பியும் பேனையுமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கடன் பத்திரம் வீட்டுக்கு வந்தால், கையொப்பம் இடும் முன்பு பத்தாம் தரம் படிக்கிற பிள்ளையிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள்.